மருத்துவமனைக் கட்டிலில் விளையாட்டு: சில குறிப்புகள்

குழந்தைகள் வார்டில் விளையாட்டு என்று பேச்செடுத்தாலே நம் ஆட்களுக்கு இரண்டு சித்திரங்கள்தான் மனசில் வருகின்றன. ஒன்று, நவம்பர் 14 அன்று பலூனும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற தர்ம சிந்தனை. இன்னொன்று, அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டி, அது அசந்த நேரத்தில் ஊசியைக் குத்திவிடுகிற சாமர்த்தியம். இரண்டிலும் விளையாடுபவர்கள் பெரியவர்கள். குழந்தை வெறும் விளையாட்டுப் பொருள். தன் உடம்பின் மீது தனக்கிருந்த கொஞ்சநஞ்ச உரிமையையும் வார்டு வாசலில் விட்டுவிட்டு வருகிற குழந்தைக்கு, 'வேண்டாம்' என்று சொல்லவும் 'இன்னொரு தரம்' என்று கேட்கவும் ஓர் இடத்தை உண்டாக்கித் தருவதைத்தான் இங்கு விளையாட்டு என்கிறேன். அதை எப்படி வடிவமைப்பது, யார் செய்வது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்து பங்களா கட்டித் தங்கிய ஊர் அது. இன்றைக்கும் ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால், அருவித் தண்ணீர் மூலிகையெல்லாம் கலந்து வருகிறது, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு கூட்டம் வருகிறது. மூலிகைச் சங்கதி எவ்வளவு தூரம் உண்மை என்பது இருக்கட்டும். ஐம்பது வயது ஆள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயின் அருவியில் தலையைக் கொடுத்து, சின்னப் பையன் மாதிரிக் கூச்சல் போடுகிறார். அது அவருக்கு வைத்தியமாகவும் இருக்கிறது, விளையாட்டாகவும் இருக்கிறது. எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்பது (பின்னால் நிற்கிறவர் தள்ளாதவரை) அவர் இஷ்டம். அதே நாளில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வரப்படுகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. 'ஏலே, கையை ஆட்டாத, ஊசி வெளிய வந்துரும்', 'சும்மா கெட'. சும்மா கிடப்பதுதான் நோயாளியின் ஒழுக்கம் என்று நவீன மருத்துவமனை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலை இங்கு நினைத்துக்கொள்ளலாம். நவீன மருத்துவப் பார்வை என்பது நோயாளியிடமிருந்து நோயைப் பிரித்தெடுத்துப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைக்குத் தோதாக உடம்பு கிடத்தப்பட வேண்டும், வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது சுருக்கமாக அவர் வாதம். அவர் பேசியது பெரியவர்களின் உடலை வைத்து. குழந்தையின் கதை இரட்டிப்பு மோசம். அது வீட்டிலேயே அதிகாரத்துக்கு உட்பட்ட உடல்தான். போதாக்குறைக்கு, நம் வீடுகளில் ஒரு சொல்லாடல் உண்டு: 'சோறு திங்கலேன்னா டாக்டர்ட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்.' போலீஸ்காரன், பூச்சாண்டி, டாக்டர் என்று ஒரே வரிசை. ஆக, வார்டுக்குள் நுழைகிற குழந்தைக்கு ஊசி என்பது, தான் செய்த ஏதோ ஒரு தப்புக்கு வந்து சேர்ந்த தண்டனை. வைத்தியம் பார்க்கிற இடத்தைத் தண்டிக்கிற இடமாகத்தான் அது ஏற்கெனவே வாசித்து வைத்திருக்கிறது. இந்த வாசிப்பைத் தொடாமல் சுவரில் மிக்கி மவுஸ் வரைந்துவைப்பதில் பிரயோஜனமில்லை.

மேற்கில் இந்தப் பிரச்சினை வேறு வழியில் எழுந்தது. 1950கள் வரை இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அதுவும் குறித்த நேரத்தில்தான் பிள்ளையைப் பார்க்கலாம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952இல் லண்டனில் மருத்துவர்கள் முன்னால் திரையிட்டார். அந்தக் குழந்தை பெரிதாக அழவில்லை. முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. அடங்கிவிட்ட குழந்தை தேறிவிட்ட குழந்தை என்று நம்பியிருந்த மருத்துவர்களுக்கு அந்தப் படம் கோபத்தை உண்டாக்கியது. 1959இல் பிளாட் குழு அறிக்கை வந்து, பெற்றோர் எப்போதும் வரலாம், சின்னக் குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் எம்மா பிளாங்க், 1955இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் விளையாட்டையும் பள்ளிக்கூடத்தையும் வார்டுக்குள் கொண்டுவந்தார். வியன்னாவில் மாண்டிசோரிப் பயிற்சி பெற்றவர் அவர். (மாண்டிசோரி அம்மையாரே 1939இல் அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் பயிற்சி நடத்தினார். அதன் பலன் கட்டணப் பள்ளிகளுக்குப் போய்ச்சேர்ந்தது. அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு வரவில்லை.)

நம் ஊர் நிலைமை இதற்குத் தலைகீழ் என்பதை நம் விளையாட்டு ஆர்வலர்கள் கவனிப்பதில்லை. இங்கே அரசு மருத்துவமனையில் தாய் பிள்ளையை விட்டுப் போவதே கிடையாது. கட்டிலிலேயே ஓரமாக ஒண்டிக்கொள்கிறாள், இல்லையென்றால் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள். இதை யாரும் குழந்தை உளவியல் படித்துவிட்டு அனுமதிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை; கஞ்சி வாங்க, மூத்திரத் துணி மாற்ற, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். மேற்கு போராடிப் பெற்றதை நாம் நம் இல்லாமையினாலேயே பெற்றிருக்கிறோம். ஆனால் அந்தத் தாய் எந்த நிலையில் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் பக்கத்திலிருந்து வருகிற பெண்களில் கணிசமானவர்கள் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் என்றால் ஒரு வாரக் கூலி போச்சு. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கும். அவள் கை சும்மா இருக்கிறது, மனசு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இங்கே விளையாட்டை வடிவமைப்பது என்றால், அந்தத் தாயையும் சேர்த்து வடிவமைப்பது என்றுதான் பொருள். தாயை ஓரங்கட்டிவிட்டுப் பயிற்சி பெற்ற 'அங்கிள்' ஒருத்தர் வந்து பிள்ளையைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவது, அவளிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்குகிற வேலை.

தாய் மடியிலிருந்தபடி குழந்தை எப்படி விளையாட்டுக்குள் போகிறது என்பதை மிகத் துல்லியமாகப் பார்த்தவர் வின்னிகாட். லண்டன் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் ஆண்டுக்கணக்கில் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்து 1941இல் எழுதினார். தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வாள். மேசை விளிம்பில், நாக்கை அழுத்திப் பார்க்கிற பளபளப்பான தகடு ஒன்று கிடக்கும். குழந்தை முதலில் கையை நீட்டும், பிறகு நிறுத்திவிடும். தாயைப் பார்க்கும், டாக்டரைப் பார்க்கும், சில சமயம் தாயின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இந்தத் தயக்கத்தின்போது யாரும் அதற்கு உதவக் கூடாது. தகட்டை வலிய வாயில் வைத்தால் பிள்ளை கத்தும். காத்திருந்தால் தானே எடுக்கும். வாயில் போடும், மேசையில் தட்டும், தாய்க்கும் டாக்டருக்கும் ஊட்டிவிடுகிற மாதிரிப் பாவனை செய்யும். கடைசியில் கீழே போடும். முதலில் தவறி விழுந்த மாதிரி, அப்புறம் வேண்டுமென்றே. எறிவதில் ஒரு சந்தோஷம். அதோடு தகட்டில் அதற்கு ஆர்வம் தீர்ந்துவிடும்.

இந்தச் சின்ன நாடகத்தில் வார்டு விளையாட்டுக்கான இலக்கணம் முழுக்க இருப்பதாக எனக்குப் படுகிறது. வைத்தியக் கருவியே விளையாட்டுப் பொருளாகிறது. தாய் கூட இருக்கிறாள், தலையிடுவதில்லை. தயங்குவதற்கு நேரம் இருக்கிறது. எடுப்பது மாதிரியே எறிவதும் குழந்தையின் முடிவு. விளையாட்டின் முதல் லட்சணம் அது சுதந்திரமான செயல் என்பதுதான் என்று ஹூய்சிங்கா 1938லேயே சொன்னார். கட்டளையின் பேரில் ஆடுகிற ஆட்டம் ஆட்டமில்லை.

'இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலை, முதலில் மருந்தும் சோறும் கிடைக்கட்டும்' என்று நம் தோழர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஜமைக்கா பதில் சொல்லியிருக்கிறது. கிங்ஸ்டனில் உள்ள மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழக மருத்துவமனையில், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் சக ஆய்வாளர்களும் 1970களிலிருந்து பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான உணவும் மருந்தும். இன்னொரு பகுதியினருக்கு அவற்றோடு தினமும் விளையாட்டு. வீட்டுக்குப் போன பிறகும் வாரந்தோறும் ஒருவர் தேடிப்போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து, தாயையும் சேர்த்துக்கொண்டு விளையாடியது. உணவு மட்டும் கிடைத்தவர்களுக்கு உடம்பு தேறியது, மன வளர்ச்சி பின்தங்கியே நின்றது. விளையாட்டும் கிடைத்தவர்கள் எட்டிப் பிடித்தார்கள். 14 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை என்று 1994இல் வெளியிட்டார்கள். இந்த வகை ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் வருடக் கையேட்டில், ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு நாளுக்கு 15 முதல் 30 நிமிடம் வரை முறையான விளையாட்டு என்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இடம்பெற்றது. பாட்டில் மூடி, அட்டைப்பெட்டி, துணி இவற்றை வைத்துப் பொம்மை செய்யும் முறைகூட அதில் படம் போட்டு விளக்கப்பட்டிருக்கிறது. இந்திய அரசு 2011இல் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்காக வெளியிட்ட நெறிமுறைகளிலும் விளையாட்டு உண்டு. குழந்தையின் விளையாட்டு உரிமையைச் சொல்லும் 31ஆவது பிரிவு உள்ள ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குறைவில்லை.

நம் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சியில் தாமதமுள்ள சின்னக் குழந்தைகளுக்கான பயிற்சியைக் குடும்பத்தையும் சேர்த்தே நடத்துகிறது. கிராமங்களுக்குள் வீடு தேடியும் போகிறது. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை ஒரு பொம்மையை எட்டிப் பிடிப்பது விளையாட்டா, உடற்பயிற்சியா என்று பிரிக்க முடியாது. ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இந்தத் துறையில் எங்கே பார்த்தாலும், விளையாட்டுக்குப் 'பலன்' குறிக்கத் தொடங்கியவுடன் அது மெல்ல வேலையாக மாறிவிடுகிற ஆபத்து இருக்கிறது. பத்துத் தடவை எட்டிப் பிடித்தாயா, நோட்டில் எழுது. ஜமைக்கா பலனைக் காட்டியது. அந்தப் பலன் குழந்தையின் இஷ்டத்தைப் பிடுங்காமல் வந்தது என்பதை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் கை. வார்டில் கிடக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு கைதான் இருக்கிறது. இன்னொன்றில் வென்ஃப்ளான் குத்தி அட்டை வைத்துக் கட்டியிருக்கும். எந்தக் கையால் இந்தப் பிள்ளை சாப்பிடுகிறது, படம் போடுகிறது என்று தாயிடம் கேட்டு, முடிந்தவரை மற்றக் கையில் ஊசியைப் போடுவது, விளையாட்டு ஏற்பாட்டில் முதல் காரியம். இதற்குப் பணமே வேண்டாம். அப்புறம் ஒற்றைக் கையால், படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஆடக்கூடிய ஆட்டங்களைத் தேட வேண்டும். பல்லாங்குழி தோதானது. முட்டை அட்டையை வெட்டினால் பலகை தயார். ஏழு குழி வராது, ஆறுதான் வரும். அதற்கேற்ற மாதிரி விதியைப் பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள், மாற்றுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். புளியங்கொட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அட்டையை ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குப் புளியங்கொட்டை போகவே கூடாது, தொண்டையில் அடைக்கும். அதற்கு மூடி இறுக ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் கொட்டையைப் போட்டால் கிலுகிலுப்பை.

பீடிக்கு இலையை அளவு பார்த்து வெட்டிப் பழகிய கைக்குக் காகிதம் எம்மாத்திரம்? அந்தத் தாய்மாரிடம் கத்தரிக்கோலையும் பழைய காலண்டர் தாளையும் கொடுத்தால் நாம் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்காது. மான், மயில், பஸ் எல்லாம் வரும். காகிதத்தைப் பிள்ளை ஒரு கையால் பிடிக்க, தாய் ஒரு கையால் மடிக்க, இருவர் கையும் சேர்ந்து ஒரு கப்பல் ஆவதைத்தான் வடிவமைப்பு என்கிறேன். வீட்டில் கிடக்கிற பழைய எக்ஸ்ரே படத்தை, பெயர் எழுதிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, முனைகளை மழுக்கி உருவங்களாக வெட்டினால், ராத்திரி செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சுவரில் தோல்பாவைக் கூத்தே நடத்தலாம். எலும்பைக் காட்டிப் பயமுறுத்திய படம் இப்போது நரியாக, முயலாக.

இரண்டாவது, முடிவு. டிரிப்ஸ் மாற்ற வருவார்கள், வாந்தி வரும், தூக்கம் வரும். எந்த நிமிடத்திலும் நிறுத்தி, நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியதாக இருந்தால்தான் அது வார்டுக்கு ஆகும். ஓவியப் போட்டி மாதிரி மோசமான யோசனை வேறில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளுக்குள் முதல் பரிசு, இரண்டாம் பரிசு! நொடி, அழிப்பாங்கதை என்று நம் பக்கத்தில் சொல்கிற விடுகதைகள் இதற்கு நேர் எதிர். ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் அது அடுத்த நாள் வரை பிள்ளை மனசில் கிடந்து வேலை செய்யும். விடை தெரியாத அம்மா பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் கேட்பாள்.

அந்தப் பக்கத்துக் கட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை வார்டு, நம் ஊர்களில் சாதி பார்த்து இடம் போடாத அபூர்வமான இடங்களில் ஒன்று. ஆனால் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் 'எந்த ஊரு?' வரும். அடுத்து, 'ஊர்ல எந்தத் தெரு?' இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் தெரு கேட்டுக் காய் போடுவதில்லை. அதற்காக விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்று யாரும் புல்லரிக்க வேண்டாம். பிள்ளையைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொள்கிற தாயும் உண்டு. எனினும் இரண்டு கட்டிலுக்கு ஒரு பலகை என்று வைப்பதா, கட்டிலுக்கு ஒன்று என்று வைப்பதா என்பது வெறும் செலவுக் கணக்கு ஆகிவிடாது. இரண்டுக்கு ஒன்று என்று வைப்பதே என் கட்சி. தொற்று நோயென்று தனியே வைத்த பிள்ளைகளுக்கும், ரத்தப் புற்றுநோய் மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஊசி. எம்மா பிளாங்க் வழியில் வந்தவர்கள் செய்வது இதுதான்: ஒரு துணிப் பொம்மை, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி, புதிய ஊசியில்லாத சிரிஞ்சு. பிள்ளை பொம்மைக்கு ஊசி போடும். ஒன்றல்ல, இருபது. பொம்மையைத் திட்டும்: 'அழுதா இன்னொண்ணு போடுவேன்.' பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், தடுக்கக் கூடாது. தன்மேல் செலுத்தப்பட்ட அதிகாரத்தை அது திருப்பி நடித்துப் பார்க்கிறது. தாக்கியவராகத் தன்னை ஆக்கிக்கொள்ளும் இந்த மனச்செயலைப் பற்றி அன்னா பிராய்டு 1936இல் எழுதியிருக்கிறார். இருபது ஊசிக்குப் பிறகு ஒரு கட்டத்தில் பொம்மைக்கு மருந்து தடவிப் படுக்கவைக்கும், இல்லை தூக்கி எறியும். பொம்மை வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிற பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. 'வலிக்காது' என்று பொய் சொல்லவும் கூடாது. வலிக்கும், இத்தனை எண்ணுவதற்குள் முடிந்துவிடும், எண்ணுவது நீயா நானா என்று கேட்கலாம். எந்த ஊசி என்பதைத் தேர்வு செய்ய முடியாத பிள்ளை, எண்ணுவது யார் என்பதையாவது தேர்வு செய்யட்டும்.

1986இல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் சர்க்கஸ் கோமாளிகளை மருத்துவமனைக்குள் கொண்டுபோனார். சென்னையில் லிட்டில் தியேட்டர் குழு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே காரியத்தைச் செய்தது. இந்தக் கோமாளிகளிடம் கற்க வேண்டியது சிவப்பு மூக்கை மட்டுமில்லை. நல்ல மருத்துவமனைக் கோமாளி வாசலில் நின்று 'வரலாமா?' என்று கேட்பார். பிள்ளை 'வேண்டாம்' என்றால் போய்விடுவார். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்காமல் வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஓர் ஆளைத்தான் அந்தப் பிள்ளையால் விரட்ட முடிகிறது. விரட்டப்படுவதும் கோமாளியின் வேலைதான்.

செல்போனைப் பற்றிக் கேட்பார்கள். இன்று எந்த வார்டிலும் பிள்ளை கையில் கார்ட்டூன் ஓடுகிறது. நாலு சுவருக்குள் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் போய்த் திரையின் தீமை பற்றி உபதேசிக்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்கும் அரை மணி நேரம் வேண்டும். குறை என்னவென்றால், செல்போன் பிள்ளையைச் சும்மா கிடக்க வைக்கிறது. வார்டு கேட்பதும் அதைத்தான்.

யார் செய்வது? செவிலியர்களுக்கு ஏற்கெனவே நிற்க நேரமில்லை. விளையாட்டுக்கென்று ஓர் ஆளை நியமிக்கச் சொல்லி அரசிடம் கேட்க வேண்டும். அது நீண்ட நாள் வேலை. அதுவரை, அறிவொளி நாட்களில் கிராமம் கிராமமாகப் போன அனுபவம் உள்ளவர்களும், கதை எழுதுகிறவர்களும் இதில் இறங்கலாம். ஆனால் வார்டு ஒரு வீதி நாடக மேடை இல்லை. அங்கே பறையடிக்க முடியாது, நம் குரலை ரசிக்கவும் முடியாது. கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரே ஆள், வாரத்தில் ஒரே நாள், பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை, ஒரு வருடம் விடாமல் போவதென்றால் போகலாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் போகக் கூடாது. கட்டிலுக்குக் கட்டில் கை கழுவ வேண்டும். நோயின் பெயரைக் கேட்காமல் பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டும். கேமரா வேண்டாம்.

கடைசியாக அலமாரி. நன்கொடையாக வந்த பொம்மைகளைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை யாராவது ஒருவர் இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது நம் பொது நிறுவனங்களின் பழக்கம். பூட்டில்லாத ஒரு பிளாஸ்டிக் கூடை போதும். பொருள் காணாமல் போகும், போகட்டும். புளியங்கொட்டைக்கும் காலண்டர் தாளுக்கும் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. கழுவக்கூடியதைச் சாயந்திரம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க ஒரு வாளி வேண்டும். அந்த வாளி யார் பொறுப்பு என்பதை முதல் நாளே வார்டுத் தாய்மார்களைக் கூட்டிவைத்துப் பேசிக்கொள்வது நல்லது.